கையில் கிழிந்த பாக்கியம்

1. ரெண்டு மிஸ்ஸி

வார்டில் எனக்கு இரண்டு பெயர். சட்டையில் குத்தியிருந்தது சரோஜா. நோயாளிகள் வைத்தது 'ரெண்டு மிஸ்ஸி'.

எங்கள் பக்கம் நர்ஸ் என்றால் மிஸ்ஸி. அந்த 'ரெண்டு' வந்த கதை இது: பிளாஸ்டர் எடுக்கும்போது, "கண்ண மூடுங்க, மூணு எண்ணப் போறேன்" என்பேன். ஒன்னு, ரெண்டு என்றதும் சரக்கென்று இழுத்துவிடுவேன். மூன்றுக்காக உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருக்கும் மனிதர் 'ஆ' என்பதற்குள் பிளாஸ்டர் குப்பைத்தொட்டிக்குள் போயிருக்கும். முப்பத்து மூன்று வருட சர்வீசில் முப்பத்து இரண்டே முக்கால் வருடம் இதை ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். இதைப் படிக்கிறவர்களில் என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது ஆண்கள் வார்டுக்கு மணியம் ஐயா வந்து சேர்ந்தார். எழுபத்தொன்பது வயது. கோலசிலாங்கூர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். புக்கிட் ரோத்தானில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. கூடவே சுகர். கூடவே பார்வதி அம்மா, அவருடைய மனைவி. நிமோனியாவைவிட இந்த அம்மாதான் எங்களுக்குப் பெரிய கேஸ்.

வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நாங்கள் யாரும் இழுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்க, மனிதர் எழுந்து உட்கார்ந்து பொண்டாட்டியின் வயிற்றுச் சதையை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் திரைக்குப் பின்னால் நான் பார்க்காதது இல்லை. ஆனால் நோயாளி விருந்தாளிக்கு ஊசி போட்டு அன்றுதான் பார்த்தேன்.

"என்னய்யா இது?"

"அவளுக்குக் கண்ணு சரியா தெரியாது மிஸ்ஸி. ஊசிப் பேனாவுல நம்பர் பாக்க முடியல. போன வருசம் இருபதுக்குப் பதிலா நாப்பது வச்சிக்கிட்டா. குப்புற விழுந்து கெடந்தா. அதுலேர்ந்து நான்தான் போடுறேன்."

"பக்கத்துல கிளினிக் இருக்கே?"

"அங்க உள்ள பிள்ளைங்க குத்துதுங்க லா" என்றார் பார்வதி அம்மா. "இவருக்கு வேற ஒன்னும் உருப்படியா வராது. ஊசி மட்டும் வலிக்காம போடுவாரு."

நாலு பிள்ளைகளும் தூரத்தில், ஜொகூர் பக்கம் வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்த அம்மா தினமும் விடியும் முன்பே எழுந்து, வீங்கின காலோடு பஸ் ஏறி, ஊசி போட்டுக்கொள்ள எங்கள் வார்டுக்கு வந்தார். அதனால் மணியம் ஐயாவைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். பாதி அவர்கள் மேல் இரக்கம். மீதி, பார்வதி அம்மா வந்தால் வார்டில் ஒருத்தர் தூங்க முடியாது.

நாலாம் நாள் டாக்டர் டிரிப்பை நிறுத்திவிட்டார். நாளைக்கு வீடு. டிரிப்புக்காக இடது முன்கையில் குத்தியிருந்த பிரானுலா ஊசியை எடுக்கப் போனேன். மத்தியானம், விசிட்டர் நேரம் தொடங்கிவிட்டது, எனக்குப் பசி. யாரோ புண்ணியவான் கையில் நீளவாக்கில் மூன்று, குறுக்கே இரண்டு என்று பிளாஸ்டரை வீட்டுக்கு ஓடு மேய்கிற மாதிரி ஒட்டி வைத்திருந்தார்.

"கண்ண மூடுங்கய்யா. ஒன்னு, ரெண்டு..."

முழங்கைப் பக்கம் பிடித்து மணிக்கட்டுப் பக்கம் இழுத்தேன். சத்தம் வேறாக வந்தது. பிளாஸ்டர் தோலை விட்டு வரும் சத்தம் எனக்கு மனப்பாடம். இது ஈரத்துணி கிழிகிற சத்தம். பிளாஸ்டரோடு ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தோலும் எழும்பி, மணிக்கட்டுப் பக்கம் மடிந்து கிடந்தது. அடியில் சிவப்பாகப் பளபளவென்று சதை. ரத்தம் பொட்டுப் பொட்டாக ஊறியது.

மணியம் ஐயா இன்னும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

"மூணு எங்க மிஸ்ஸி?" என்றார்.

2. கத்தரிக்கோல்

இந்தத் தோலின் மேல் ஒரு சமாச்சாரம் இருந்தது. முன்கையில், முழங்கைப் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கிச் சின்ன எழுத்தில் பச்சை குத்தியிருந்தார்: பாக்கியம். இப்போது 'பா' மட்டும் கையில் இருந்தது. 'க்கியம்' தோலோடு மடிந்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பித் தெரிந்தது.

பிரானுலாவை உருவிவிட்டு, சுத்தமான காஸ் வைத்து லேசாக அழுத்தி ரத்தத்தை நிறுத்தினேன். கிழிந்த தோலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டரை சலைன் ஊற்றி ஊறவைத்து, முடி முடியாகப் பிரித்தேன். அப்போது மட்டும் எனக்கு மெதுவாக எடுக்க வந்தது. வெட்கமாக இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் கவிதா வந்தார். கிள்ளான் ஊர்ப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குனிந்து பார்த்தார்.

"பிளாப் தோல் ரொம்ப மெல்லிசா இருக்கு மிஸ்ஸி. கலரும் டல். டிரிம் பண்ணிட்டு டிரெஸ்ஸிங் போட்டுடலாமா?"

சரி என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. வெட்டிவிட்டால் புண் பார்க்க ஒழுங்காக இருக்கும். கிழிந்தது கண்முன்னால் இருக்காது. தப்பு செய்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்கு முன்னால் பார்வதி அம்மா பேசிவிட்டார். "வெட்டுங்க டாக்டர். அம்பத்திரண்டு வருசமா நான் வேண்டிக்கிட்டது. மாரியாத்தா இந்த மிஸ்ஸி கையால முடிச்சு வச்சிட்டா."

"பாக்கியம் யாரு ஆன்ட்டி?"

"எங்க அக்கா."

எதிர்க் கட்டில்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

கதை சுருக்கமானதுதான். மணியம் ஐயாவுக்கு முதலில் பேசி முடித்தது அக்கா பாக்கியத்தை. பரிசம் போட்ட ஜோரில், தோட்டத்துத் திருவிழாவில் பச்சை குத்துகிறவனிடம் கையை நீட்டிவிட்டார். அடுத்த மாதம் பாக்கியம் ஒரு டிராக்டர் டிரைவரோடு ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்விட்டார். போட்ட பந்தலைப் பிரிக்க மனமில்லாமல் தங்கச்சியை உட்கார வைத்தார்கள்.

"அந்த டிராக்டர்காரன் இப்ப ரவாங்ல ரெண்டு கடைக்கு மொதலாளி" என்றார் பார்வதி அம்மா. "நான் இவரு கையில அக்கா பேரப் பாத்துக்கிட்டே நாலு புள்ள பெத்தேன். வெட்டுங்க."

"பேரு போனா போகட்டும் டாக்டர்" என்றார் மணியம் ஐயா. "கையை மட்டும் வச்சுட்டுப் போங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோல் பாக்கெட்டை எடுத்தார். பிறகு நல்ல பிள்ளையாக உண்மையையும் சொன்னார். "வெட்டினா அந்த இடம் ஃபுல்லா பச்சைப் புண்ணா இருக்கும் ஆன்ட்டி. அங்கிளுக்கு சுகர் வேற. வாரக்கணக்குல ஆகும். கிருமி புகுந்தா வீட்டுக்கு விடமாட்டோம், இங்கதான் இருக்கணும்."

சரியாக அந்த நேரத்தில்தான் வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பாக்கியம் அம்மாவே வந்தார். எழுபத்தைந்து வயதிலும் தலை கறுப்பு, கையில் பிஸ்கட் டின். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். ஆனால் தங்கச்சி புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தால் விசிட்டர் நேரத்தில் வரத்தானே செய்வார்கள்.

விவரம் கேட்டதும் தங்கச்சியைப் பார்த்தார். "இன்னும் வாரக்கணக்குலயா? நீ தனியா கெடந்து சாகப் போற. கெளம்பு, ரவாங் வந்துரு. மேல ரூம் சும்மாதான் இருக்கு, ஏர்கான் போட்டிருக்கு. மருமக டெய்லி ஊசி போட்டுருவா."

பார்வதி அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அதுவரை ஊரையே அதட்டிக்கொண்டிருந்த அம்மா, இன்சுலின் வைத்திருந்த துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனுக்குப் புண் ஆறாவிட்டால் அக்கா வீட்டு மாடி அறை. வேறு வழி இல்லை. பஸ்ஸில் இனியும் எத்தனை நாள் வர முடியும்?

டாக்டர் கத்தரிக்கோலைப் பிரித்தார்.

"டாக்டர், நில்லுங்க. வேணாம்" என்றார் பார்வதி அம்மா. என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, நீங்கதானே கிழிச்சீங்க? நீங்களே ஒட்டுங்க."

"இப்பத்தானே வெட்டச் சொன்னீங்க?"

"ஒரு கோவத்துல சொன்னேன் லா. அது போயிட்டா அப்புறம் நான் எதை வச்சு இவரத் திட்டுறது?"

3. எழுத்துக்கூட்டி

இப்படிக் கிழிந்த தோல் குப்பை இல்லை. உயிர் இருக்கும் தோலை அதன் இடத்திலேயே படுக்க வைத்தால், அதைவிட நல்ல டிரெஸ்ஸிங் எந்தக் கம்பெனியும் செய்ய முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கோர்சில் போய்ப் படித்து, சர்டிபிகேட் வாங்கி, ஃபைலில் வைத்திருந்தேன். ஃபைலில் இருந்து கைக்கு வர ஒரு கிழவியின் அதட்டல் வேண்டியிருந்தது.

"டாக்டர், பத்து நிமிஷம் கொடுங்க" என்றேன். அவரும் மறுக்கவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சலைனில் நனைத்த காஸைத் தோலின் மேல் போட்டு ஊறவிட்டேன். காய்ந்த தோலை இழுத்தால் இன்னும் கிழியும். ஊறியதும், நனைத்த பஞ்சுக் குச்சியால் தோலின் ஓரத்தை உருட்டி உருட்டி முழங்கைப் பக்கம் கொண்டு வந்தேன். ஓரங்கள் சுருண்டு, எது எங்கே சேர்கிறது என்று தெரியவில்லை.

"இப்படியா?" என்று டாக்டர் ஒரு மூலையைக் குச்சியால் நகர்த்தினார். "பொருந்துது பாருங்க."

பொருந்தத்தான் செய்தது. ஆனால் 'கி' ஒரு பக்கமாகச் சரிந்து விழப் பார்த்தது.

"இல்ல டாக்டர், எழுத்தப் பாருங்க."

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் மிஸ்ஸி. படிக்க வராது."

சங்கடமாகச் சிரித்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை. அப்போது பார்வதி அம்மா எழுந்து, மூக்கு புருஷன் கையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். பேனாவில் நம்பர் தெரியாத அந்தக் கண்ணுக்கு அம்பத்திரண்டு வருடமாகப் பார்த்த எழுத்து மட்டும் தெரிந்தது.

"'க்' கொஞ்சம் மேல போகணும் மிஸ்ஸி. 'பா'வோட கால் நுனிக்கு நேரா இருக்கும். ம்... இன்னும். 'யா' இல்ல அது, வெறும் 'ய'. குத்துனவன் கோணக் கையன், அந்த 'ய' எப்பவுமே சாஞ்சுதான் இருக்கும். நேராக்கிடாதீங்க."

"என் பேர எனக்கே தெரியாத அளவுக்குத் தெரிஞ்சு வச்சிருக்கா" என்றார் பாக்கியம் அம்மா. பிஸ்கட் டின் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. யாரும் வாங்கவில்லை.

இழுக்காமல், அழுத்தாமல், எழுத்தோடு எழுத்து சேர்த்துப் படுக்க வைத்தேன். 'பா'வுக்கும் 'க்'குக்கும் நடுவே ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. மேலே பாரஃபின் காஸ், அதன்மேல் உலர்ந்த காஸ், அதைச் சுற்றித் துணி பேண்டேஜ். பிளாஸ்டர் ஒரு துண்டுகூடத் தோலில் படவில்லை. பேண்டேஜ் மேலேயே ஒட்டினேன்.

பிறகு மார்க்கர் எடுத்து பேண்டேஜ் மேல் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டேன். இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே. தோல் எந்தப் பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் டிரெஸ்ஸிங்கைப் பிரிக்க வேண்டும். மாற்றிப் பிரித்தால் ஒட்டியது மறுபடி எழும்பிவிடும். மணியம் ஐயா விஷயத்தில் அது, பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திரும்பப் படிக்கிற திசை.

அஞ்சு நாள் திறக்கக் கூடாது, அதுவரை வார்டிலேயே இருக்கட்டும், அஞ்சாம் நாள் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். "அன்னைக்கு நான் காரோட வர்றேன்" என்றார் பாக்கியம் அம்மா. "பெட்டியக் கட்டி வை."

4. மிட்டாய் டப்பா

சம்பவ அறிக்கையை நானே எழுதினேன். 'நோயாளியின் தோல் மெல்லியதாக இருந்ததால் கிழிந்தது' என்று முதலில் எழுதி, பிறகு அடித்தேன். தோல் தானாகக் கிழியவில்லை. 'நான் வேகமாக இழுத்ததால்' என்று மாற்றினேன். படித்துப் பார்த்த வார்டுத் தலைமை சிஸ்டர் செகிஞ்சான் ஊர்க்காரர், கறார் பேர்வழி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இத்தனை வருசம் கழிச்சு நேர்மை வந்திருக்கு" என்று மலாயில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இருந்தாலும் ஒரு சந்தேகம் அரித்தது. வயதானால் தோல் மெலியும், சரி. இது மெலிவதிலும் ஒரு மெலிவு. நாலு நாளாக பிரஷர் பட்டை கட்டிய இடமெல்லாம் ஊதாத் திட்டு. அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், பார்த்துவிட்டு பிரஷர் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு போனோம்.

மறுநாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியில் ஒரு மிட்டாய் டப்பா. உள்ளே கறுப்பு உருண்டைகள்.

"என்னய்யா இது?"

"புளிப்பு மிட்டாய்."

"ஒன்னு எனக்குக் குடுங்க."

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடப் பார்த்தார். பார்வதி அம்மாதான் உண்மையை உடைத்தார். "ஜாமு, நாட்டு மருந்து மிஸ்ஸி. முட்டி வலிக்கு. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒருத்தன் விக்கிறான். நான்தான் வாங்கிக் குடுத்தேன், மூணு வருசமா. எல்லாம் வேரு, இலைதான்னான்."

வேரும் இலையும்தான். அதோடு ஸ்டீராய்டையும் அரைத்துக் கலந்துவிடுகிறார்கள் சில மகராசர்கள். முட்டி வலி உடனே பறக்கும், தோல் பப்படமாகும். டாக்டர் கவிதா உருண்டையை மோந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்தாம். சரியான அளவில் மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைக்கலாம் என்று சொன்னார்.

"அப்ப நான்தான் கிழிச்சேனா மிஸ்ஸி?" என்று கேட்டார் பார்வதி அம்மா. அன்று சாயங்காலம் வரை அவர் சத்தமே போடவில்லை. வார்டில் எல்லோரும் தூங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்க மெலிய வச்சீங்க, நான் கிழிச்சேன். பாதிப் பாதி வச்சுக்குவோம்" என்றேன். லேசாகச் சிரித்தார். அரை மணி நேரத்தில் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று பழையபடி தொடங்கிவிட்டார்.

அந்த அஞ்சு நாளும் மணியம் ஐயா கைக்கு ராஜ மரியாதை. பிரஷர் எடுப்பதென்றால் வலது கை, அதுவும் மெல்லிய துணி சுற்றி அதன்மேல் பட்டை. எழுப்பி உட்கார வைக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு சேர்த்துத் தூக்கினோம். குளித்ததும் அக்குவஸ் கிரீமைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் தடவினோம். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். பேண்டேஜ் மேல் 'திறக்காதே' என்று மூன்று மொழியில் எழுதினேன். மலாயும் ஆங்கிலமும் டாக்டர்களுக்கு. தமிழ், கொட்டை எழுத்தில், ஓரத்தைத் தூக்கிப் பார்க்கத் துடித்த பார்வதி அம்மாவுக்கு.

5. புள்ளி

அஞ்சாம் நாள் பாக்கியம் அம்மா சொன்னபடியே காரோடு வந்துவிட்டார். பார்வதி அம்மாவின் காலடியில் ஒரு துணிப் பெட்டி இருந்தது. நான் ஒரு சாப்பாட்டு அவசரத்தில் இழுத்த பிளாஸ்டருக்காக ஒருத்தி, வாழ்நாளெல்லாம் யாரைப் பார்க்காமல் இருக்க நினைத்தாளோ அவள் வீட்டு மாடியில் போய் உட்கார வேண்டும்.

பேண்டேஜை வெட்டினேன். பாரஃபின் காஸை சலைனால் நனைத்தேன். அம்புக்குறி காட்டிய பக்கம், இடது கையால் தோலை லேசாக அமுக்கிக்கொண்டு, காஸைத் தோலோடு படுக்க வைத்தே மடித்து மடித்து உரித்தேன். 'ம்' வந்தது. 'ய' சாய்ந்தபடியே வந்தது. 'கி' வந்தது. எல்லாம் இளஞ்சிவப்பாக, கையோடு கையாக ஒட்டியிருந்தன. கடைசியாக 'க்'. அதன் மேல் மூலையில் மட்டும் பயறளவு கறுத்துக் காய்ந்து, காஸோடு உதிர்ந்து வந்துவிட்டது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சீழ் இல்லை, சூடு இல்லை. "டேக் ஆயிருச்சு, தோல் ஒட்டிக்கிச்சு மிஸ்ஸி! நைஸ். அங்கிள், இன்னைக்கே வீட்டுக்குப் போலாம்."

பார்வதி அம்மா பழையபடி மூக்கு இடிக்கக் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்னா மிஸ்ஸி, 'க்' மேல புள்ளியக் காணோம்?"

"அந்த ஓரம் பிழைக்கலம்மா. மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மா நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, ஒனக்கு ஒரு புள்ளி கொறஞ்சு போச்சு."

"போடி" என்றார் பாக்கியம் அம்மா. "கார் வெயில்ல நிக்குது. ரவாங் வரலைன்னா, வீட்டுலயாவது கொண்டு விடுறேன், ரெண்டு பேரும் ஏறுங்க." துணிப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். தங்கச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது மணியம் ஐயாவின் வலது கையில், காலையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து யாரோ ஒரு சின்ன பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இந்தத் தடவை நான் எண்ணுறேன் மிஸ்ஸி" என்றார். "ஒன்னு."

ஓரத்தைத் தண்ணீரால் நனைத்தேன். தோலை அமுக்கிப் பிடித்து, பிளாஸ்டரைத் திருப்பி மடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டினேன். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். இருபதைத் தாண்டியதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். நாற்பத்தேழில் பிளாஸ்டர் கையை விட்டு வந்தது. தோல் இருந்த இடத்தில் இருந்தது.

"வலிக்கவே இல்லையே" என்றார்.

பார்வதி அம்மா விடுவாரா? "ஏன் மிஸ்ஸி, இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல?"

செய்திருக்கலாம். மொத்தமே நாற்பத்தேழுதான். முப்பத்து மூன்று வருடமாக நான் ஓடி ஓடி மிச்சம் பிடித்ததெல்லாம், ஆளுக்கு ஒரு நாற்பத்தைந்து விநாடி.